ஆன்டிவைரஸ் நம்ம சாஃப்ட்வேரை வைரஸ்ங்குது: சர்டிஃபிகேட் வாங்கலாமா, பில்டை மாத்தலாமா, ஸ்டோருக்குப் போகலாமா?

"தம்பி, உங்க பில்லிங் சாஃப்ட்வேர்ல வைரஸ் இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுதே, என்னத்த குடுத்தீங்க?" சனிக்கிழமை சாயங்காலம், கடையில கூட்டம் நிக்குது, மளிகைக்கடை அண்ணாச்சி ஃபோன்ல இப்படிக் கேட்டா நமக்கு வயித்தக் கலக்கும். எனக்கு அது நடந்திருக்கு. முந்தின நாள் அனுப்பின அப்டேட், என் மெஷின்ல சுத்தமா ஓடுச்சு, அவர் மெஷின்ல எக்ஸி ஃபைலையே காணோம், ஆன்டிவைரஸ் தூக்கி குவாரன்டைன்ல, அதாவது தனியா பூட்டி, போட்டிருக்கு. அன்னிக்கு ராத்திரி வரைக்கும் அவர் கையால பில் எழுதினார்.

இதே நிலைமையில இருக்க மூணு நாலு பேர் சமீபத்துல என்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான்: கோட் சைனிங் சர்டிஃபிகேட் (ப்ரோக்ராம் மேல இது இன்னார் பண்ணதுன்னு டிஜிட்டல் கையெழுத்துப் போடுறதுக்கான சான்றிதழ்) வாங்கினா இது நின்னுடுமா, இல்ல வேற வழி இருக்கா? வழி அஞ்சு இருக்கு, ஆனா எது உங்களுக்குங்கறது முதல்ல எந்த அலாரம் அடிக்குதுங்கறதப் பொறுத்தது. இதைப் பாக்காம காசு குடுத்துட்டு அப்புறம் வருத்தப்படுறவங்கதான் அதிகம், அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன். எல்லாமே விண்டோஸ் பத்திதான்.

## முதல்ல எந்த அலாரம்னு பாருங்க

நீலக்கலர்ல பெரிய பெட்டி வந்து "விண்டோஸ் உங்க பிசியை பாதுகாத்துச்சு"ன்னு சொன்னா அது ஸ்மார்ட்ஸ்கிரீன், விண்டோஸுக்குள்ளயே இருக்க ஒரு காவல். அது உங்க ஃபைலை வைரஸ்னு சொல்லல, "இதை எனக்குத் தெரியாது"ன்னுதான் சொல்லுது. நெட்ல இருந்து இறங்கின ஃபைலோட ஒட்டிக்கிட்டு ஒரு சின்னக் குறிப்பு வரும், இது இன்டர்நெட்ல இருந்து வந்ததுன்னு. அந்தக் குறிப்பு இருந்தாதான் ஸ்மார்ட்ஸ்கிரீன் எட்டிப் பாக்கும். நிறைய பேர் இதைக் கவனிக்கறதில்ல: நீங்க பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போய் கடையில இன்ஸ்டால் பண்ணும்போது அந்தக் குறிப்பு இருக்காது, ஃபேட் முறையில ஃபார்மேட் பண்ண பென்டிரைவ்ல அதை வைக்கவே இடம் கிடையாது, அதனால உங்க கண்ணுக்கு அந்தப் பெட்டி வந்ததே இல்ல, ஆனா அதே ஃபைலை லிங்க்கா அனுப்பி கஸ்டமர் டவுன்லோட் பண்ணினா வந்து நிக்கும்.

ரெண்டாவது, ஆன்டிவைரஸே ஒரு பேரைச் சொல்லி ஃபைலைத் தூக்குறது. விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர்ல "ட்ரோஜன் வாகாடாக்"ங்கற மாதிரி ஏதாவது வரும். பேரோட கடைசியில ஆச்சரியக்குறி போட்டு எம்எல்னு இருந்தா அது மெஷின் லேர்னிங் போட்ட கணக்கு, அதாவது உங்க ஃபைல் கெட்ட ஃபைல் மாதிரி "தெரியுது", அவ்வளவுதான். இங்க பிரச்சனை உங்களைத் தெரியாததுல இல்ல, உங்க மேல சந்தேகம் வந்ததுல.

மூணாவது, விண்டோஸ் 11ல 22எச்2 பதிப்புல வந்த ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல். அது ஆன்ல இருக்க மெஷின்ல, கையெழுத்தும் இல்லாம முன்பரிச்சயமும் இல்லாம ஒரு ப்ரோக்ராம் வந்தா நேரா தடுத்துடும். "பரவாயில்ல, ஓட்டு"ன்னு சொல்ற பட்டனே கிடையாது.

தெரியாததுக்கு மருந்து வேற, சந்தேகத்துக்கு மருந்து வேற. சர்டிஃபிகேட் முக்கியமா முதலாவதுக்கும் மூணாவதுக்கும். ரெண்டாவதுக்கு அது கொஞ்சம் உதவும், தீர்க்காது.

## எதை வச்சு எடை போடுறேன்

எந்த அலாரத்தை நிறுத்தும், காசு எவ்வளவு, பலன் தெரிய எத்தனை நாள், ஒவ்வொரு ரிலீஸுக்கும் திரும்பச் செய்யணுமா, கஸ்டமர் கையால ஏதாவது பண்ண வேண்டியிருக்கா. இந்தக் கடைசி கேள்விதான் எனக்கு முக்கியம். கடைக்காரருக்கு அது வேலை இல்ல, நம்ம வேலை.

| வழி | எதுக்கு உதவும் | செலவு | ஒவ்வொரு ரிலீஸுக்கும் | கஸ்டமர் செய்யணுமா |
|---|---|---|---|---|
| எக்ஸ்க்ளூஷன் (இதைப் பாக்காதேன்னு ஆன்டிவைரஸ்ல விலக்கு) போடச் சொல்றது | ஒரு மெஷின்ல மட்டும் | காசு இல்ல | சில சமயம் | ஆமா, எல்லாமே அவர்தான் |
| பில்டை (கோடை எக்ஸியா ஆக்குற முறையை) மாத்துறது | ஆன்டிவைரஸ் சந்தேகம் | நேரம் | ஒரு தடவை மாத்தினா போதும் | இல்ல |
| கோட் சைனிங் | ஸ்மார்ட்ஸ்கிரீன், ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல் | வருஷா வருஷம் | சைன் பண்ணணும் | ஆரம்பத்துல கொஞ்சம் |
| மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் | அநேகமா எல்லாம் | குறைவு | ரிவ்யூவுக்குக் காத்திருக்கணும் | இல்ல |
| கம்பெனிகளுக்கு எழுதிக் கேக்கறது | ஆன்டிவைரஸ் சந்தேகம் | காசு இல்ல | அநேகமா ஆமா | டெஃபினிஷன் (வைரஸ் அடையாளப் பட்டியல்) அப்டேட் ஆகணும் |

## கஸ்டமரை எக்ஸ்க்ளூஷன் போடச் சொல்றது

எல்லாரும் முதல்ல பண்றது இதான், நானும் பண்ணினேன். அஞ்சு நிமிஷம், எனிடெஸ்க்ல போய் ஃபோல்டரை எக்ஸ்க்ளூட் பண்ணிட்டா முடிஞ்சது.

ஆனா மறைஞ்சிருக்க செலவு ரொம்பப் பெருசு. அந்த ஃபோல்டர்ல நாளைக்கு நிஜமான மால்வேர் வந்து உக்காந்தா ஆன்டிவைரஸ் கண்டுக்காது, சில பேர் இன்னும் மோசமா டி டிரைவ் முழுசையும் எக்ஸ்க்ளூட் பண்ணி வச்சிருக்காங்க, நான் பாத்திருக்கேன். அதைவிட, "வைரஸ்னு வந்தா கண்டுக்காதீங்க, ஓகே குடுங்க"ன்னு ஒரு தடவை நாம பழக்கிட்டோம்னா அடுத்த தடவை கூரியர் பில்னு சொல்லி ஒருத்தன் அனுப்புற ரான்சம்வேருக்கும் அவர் ஓகேதான் குடுப்பார். கடையோட ரெண்டு வருஷக் கணக்கு அந்த ஒரே மெஷின்லதான் இருக்கு.

பாஸ்வேர்ட் போட்ட ஜிப்ல அனுப்புறதும் இதே வகைதான். மால்வேர் அனுப்புறவங்க செய்யறதும் அதுவேங்கறதால மெயில்லயும் பிரவுசர்லயும் அதுக்கே தனியா சந்தேகம் வரும்.

எப்போ சரி? உங்க சொந்த டெஸ்ட் மெஷின்ல. இல்லன்னா ஐடி ஆள் இருக்க ஒரு கம்பெனிக்குள்ள மட்டும் ஓடுற டூல், அவங்களே பாத்து, அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் அனுமதி போடுறாங்கன்னா. கடைகளுக்கு இது வழியே இல்ல.

## பில்ட் பண்ற முறையை மாத்துறது

ஆன்டிவைரஸ் பேர் சொல்லித் தூக்குதுன்னா நான் முதல்ல கை வைக்கச் சொல்ற இடம் இதுதான், காசு குடுக்கறதுக்கு முன்னாடி.

நம்ம பக்கம் நிறைய பேர் பைத்தான்ல எழுதி பைஇன்ஸ்டாலர்ல ஒரே எக்ஸி ஃபைலா பண்ணி அனுப்புறாங்க. அந்த ஒன்ஃபைல் முறையில என்ன நடக்குதுன்னா, ஓட ஆரம்பிச்ச உடனே அது தன் வயித்துக்குள்ள சுருட்டி வச்சிருக்க எல்லாத்தையும் டெம்ப் ஃபோல்டர்ல விரிச்சு அங்க இருந்து ஓட்டும். ட்ராப்பர்னு சொல்ற மால்வேர் வகையும் இதையேதான் செய்யும். போதாக்குறைக்கு, உங்க எக்ஸியோட முன்பக்கத்துல இருக்க பூட்லோடர், அதாவது உங்க கோடை ஓட்டி வைக்கிற சின்ன ப்ரோக்ராம், பைஇன்ஸ்டாலரோட ரெடிமேடா வர்றது, அதே பூட்லோடரை வச்சு உலகத்துல எத்தனையோ பேர் பாஸ்வேர்ட் திருடுற ப்ரோக்ராமும் பண்ணியிருக்காங்க, அதனால உங்க கோடைப் படிக்கறதுக்கு முன்னாடியே மூஞ்சியப் பாத்து சந்தேகப்படுது. ஆட்டோஹாட்கீ, ஆட்டோஇட் மாதிரி ஸ்கிரிப்ட் டூல் பயன்படுத்துறவங்களுக்கும் இதே கதைதான், கோ மொழிக்காரங்களுக்கும் வரும். கோ மொழியோட அதிகாரப்பூர்வ கேள்வி பதில் பக்கத்துலயே என் பைனரியை ஏன் ஆன்டிவைரஸ் வைரஸ்ங்குதுன்னு ஒரு கேள்வி இருக்கு.

நான் செஞ்ச மாத்தங்கள், பலன் தந்த வரிசையில சொல்றேன். ஒன்ஃபைலை விட்டுட்டு ஒன்டைர், அதாவது ஃபோல்டரா பில்ட் பண்ணி, இன்னோ செட்டப்ல ஒரு இன்ஸ்டாலரா கட்டுறது. கஸ்டமருக்கு அப்பவும் ஒரே ஃபைல்தான் போகுது, ஆனா ஓடும்போது டெம்ப்ல எதையும் விரிக்கறதில்ல, ஓப்பன் ஆகறதும் வேகமாச்சு. அடுத்து யுபிஎக்ஸ். இது எக்ஸியை அமுக்கிச் சின்னதாக்குற பேக்கர், மால்வேர்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சது. இதுல ஒரு பொறி இருக்கு: உங்க மெஷின்ல யுபிஎக்ஸ் பாத்ல இருந்தா பைஇன்ஸ்டாலர் அதை எடுத்துப் பயன்படுத்திக்கும், நீங்க கேட்டீங்களா இல்லையான்னு பாக்காது. வேணாம்னு தெளிவா ஆப்ஷன் குடுத்துடுங்க. அஞ்சு எம்பி மிச்சம் பிடிக்கப் போய் பேர் கெட்டுப் போறதுல என்ன லாபம்? மூணாவது, பூட்லோடரை நீங்களே சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்றது. அப்போ அது உலகத்துல இருக்க எல்லாரோடதையும் போல இருக்காது. சி கம்பைலர் போட்டு ஒரு மதியம் உக்காந்தா முடியும்.

நுயிட்கா இதுக்கும் ஒரு படி மேல, பைத்தானை சி ஆக்கி நிஜமாவே கம்பைல் பண்ணும். நல்ல டூல், ஆனா பில்ட் நேரம் பல மடங்கு, பெரிய லைப்ரரி இருந்தா டீ குடிச்சிட்டு வரலாம், அதோட நுயிட்காவுலயும் ஒன்ஃபைல் போட்டா பழைய குருடி கதவத் திறடிதான்.

எக்ஸியோட ப்ராப்பர்ட்டீஸ்ல கம்பெனி பேர், ப்ராடக்ட் பேர், வெர்ஷன் நம்பர் எல்லாம் நிரப்புங்க. காலியா விட்டா அனாமத்து ஃபைல் மாதிரி தெரியும். தேவையில்லாம அட்மின் ரைட்ஸ் கேக்காதீங்க. அப்டேட்டர் நெட்ல இருந்து எக்ஸியை இறக்கி சத்தமில்லாம ஓட்டுற மாதிரி எழுதியிருந்தீங்கன்னா அதையும் பாருங்க, அந்த நடத்தையே சந்தேகத்தைக் கிளப்பும்.

மறை செலவுன்னா நேரமும் டெஸ்டிங்கும்தான். பில்ட் முறை மாறும்போது தமிழ் ஃபான்ட் ஃபைல், ரிப்போர்ட் டெம்ப்ளேட் இதெல்லாம் பாத் மாறி விட்டுப்போகும், தெர்மல் பிரின்டர்ல ஒரு பில் அடிச்சுப் பாக்காம அனுப்பாதீங்க. இன்னொண்ணு, இது ஸ்மார்ட்ஸ்கிரீனை ஒண்ணும் பண்ணாது. அதுக்கு உங்களை இப்பவும் தெரியாது.

## கோட் சைனிங் சர்டிஃபிகேட்

முதல்ல ஒரு விஷயம், ஜிஎஸ்டி ஃபைல் பண்ண வச்சிருக்க டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் இதுக்கு ஆகாது. பாக்க அதே யுஎஸ்பி டோக்கன் மாதிரிதான் இருக்கும், ஆனா அது ஆவணத்துல கையெழுத்துப் போட, கோட் சைனிங்குக்குன்னு தனியா குடுத்த சர்டிஃபிகேட்தான் வேணும், அதுவும் விண்டோஸ் நம்புற சர்டிஃபிகேட் நிறுவனத்துல இருந்து வந்ததா இருக்கணும்.

ரெண்டு வகை, ஓவி (கம்பெனி நிஜமா இருக்கான்னு சரிபார்த்துக் குடுக்கறது), இவி (அதையே இன்னும் கடுமையா சரிபார்த்துக் குடுக்கறது). ஓவி வருஷத்துக்கு சுமார் 200 டாலர்ல இருந்து ஆரம்பிக்கும், இவி அதைவிடக் கணிசமா அதிகம். பழைய வீடியோ, பழைய கட்டுரை எல்லாத்துலயும் "இவி வாங்கு, முதல் நாளே ஸ்மார்ட்ஸ்கிரீன் போயிடும்"னு இருக்கும். அது ஒரு காலத்துல உண்மை. 2024ல மைக்ரோசாஃப்ட் அதை மாத்திடுச்சு, இப்போ இவி ஆனாலும் ஓவி ஆனாலும் நல்ல பேர் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்துதான் ஆகணும். அதனால ஸ்மார்ட்ஸ்கிரீனுக்காக மட்டும் இவி வாங்காதீங்க. கெர்னல் டிரைவர் எழுதுறவங்களுக்கு அது வேணும், பில்லிங் சாஃப்ட்வேருக்கு வேணாம்.

அப்போ சைன் பண்ணி என்ன பிரயோஜனம்? சைன் பண்ணலன்னா ஒவ்வொரு புது பில்டும் புது ஆள், போன வெர்ஷன் சேத்து வச்ச நல்ல பேர் இதுக்கு வராது. சைன் பண்ணினா அந்தப் பேர் சர்டிஃபிகேட் மேலயும் சேரும், அடுத்த வெர்ஷனுக்கும் கூட வரும். மாசத்துக்கு ஒரு அப்டேட் விடுறவங்களுக்கு இது பெரிய வித்தியாசம். அதோட கஸ்டமருக்கு "அறியப்படாத பதிப்பாளர்"னு வராம உங்க பேர் வரும்.

மறை செலவுகள் இங்கதான் நிறைய. 2023 ஜூன்ல இருந்து ஓவியோட கையெழுத்துப் போடுற ரகசிய சாவியும் ஹார்ட்வேர்லதான் இருக்கணும்னு விதி வந்துடுச்சு, அதனால டோக்கன் கூரியர்ல வரணும், இல்லன்னா சாவியை நெட்லயே பூட்டி வைக்கிற கிளவுட் எச்எஸ்எம்முக்கு தனியா மாச வாடகை. டோக்கன்னா அதை செருகியிருக்க மெஷின்லதான் சைன் பண்ண முடியும், ஊருக்குப் போகும்போது அவசர ஃபிக்ஸ் விடணும்னா டோக்கனும் பையில இருக்கணும். 2026 மார்ச்ல இருந்து புது சர்டிஃபிகேட் அதிகபட்சம் 460 நாள்தான், முன்னாடி மாதிரி மூணு வருஷத்துக்கு மொத்தமா வாங்கிட்டு மறந்துட முடியாது. கம்பெனி சரிபார்ப்புல உங்க ரெஜிஸ்ட்ரேஷன்ல ஒரு அட்ரஸ், ஃபோன் பில்லுல ஒரு அட்ரஸ்னு இருந்தா வாரக்கணக்குல இழுக்கும், அதை முன்னாடியே சரி பண்ணி வைங்க.

சைன் பண்ணும்போது டைம்ஸ்டாம்ப் (எப்போ கையெழுத்துப் போட்டதுங்கற நேர முத்திரை) போட மறந்துடாதீங்க. டைம்ஸ்டாம்ப் இருந்தா சர்டிஃபிகேட் காலாவதி ஆனாலும் பழைய கையெழுத்து செல்லும். இல்லன்னா காலாவதி ஆன மறுநாளே நீங்க இதுவரைக்கும் அனுப்பின அத்தனையும் கையெழுத்து இல்லாததா ஆயிடும்.

மைக்ரோசாஃப்ட்டோட கிளவுடான அஷ்யூர்ல இருக்க சைனிங் சேவை மாசம் 10 டாலர்தான், டோக்கன் தொல்லையும் இல்ல, விலைக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனா அது அமெரிக்கா, கனடா, ஐரோப்பான்னு சில இடங்கள்ல இருக்கவங்களுக்குத்தான் திறந்தாங்க, இந்தியாவுல இருந்து திட்டம் போடுறதுக்கு முன்னாடி அந்தப் பட்டியலைப் பாத்துடுங்க. ஓப்பன் சோர்ஸ்னா சைன்பாத் ஃபவுண்டேஷன் இலவசமா சைன் பண்ணித் தரும், பதிப்பாளர் பேர்ல அவங்க பேர் வரும். போலந்துக்காரங்க செர்டம் ஓப்பன் சோர்ஸ்காரங்களுக்குக் குறைஞ்ச விலையில குடுக்கறாங்க.

ரெண்டாவது அலாரத்துக்கு இது ஏன் போதாதுன்னா, கையெழுத்து இருக்கறதாலயே ஆன்டிவைரஸ் நம்பிடாது, நம்பவும் கூடாது. 2010ல பிடிபட்ட ஸ்டக்ஸ்நெட்ங்கற மால்வேர்ல இருந்தது ரியல்டெக், ஜேமைக்ரான் கம்பெனிகள்கிட்ட இருந்து திருடின நிஜ சர்டிஃபிகேட். மறுபக்கம், 2022 செப்டம்பர்ல டிஃபெண்டர் ஒரு தப்பான டெஃபினிஷனால குரோமையும், குரோம் எஞ்சினை உள்ள வச்சு ஓடுற எலக்ட்ரான் ஆப்களையும் ஹைவ்னு ஒரு பேர் சொல்லி எச்சரிச்சது, அதெல்லாம் முறையா சைன் பண்ண சாஃப்ட்வேர்தான்.

## மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்

எம்எஸ்ஐஎக்ஸ்ங்கற மைக்ரோசாஃப்ட் பேக்கேஜ் வடிவத்துல ஸ்டோருக்குக் குடுத்தா மைக்ரோசாஃப்ட்டே அதை சைன் பண்ணும், உங்களுக்கு சர்டிஃபிகேட்டே வேணாம். ஸ்மார்ட்ஸ்கிரீன் பெட்டி வராது. தனிநபர் கணக்குக்கு முன்னாடி 19 டாலர் வாங்கினாங்க, 2025ல அதையும் பெரும்பாலான நாடுகள்ல எடுத்துட்டாங்க. காசுக் கணக்குல இதுக்குப் போட்டியே இல்ல. ஆனா எக்ஸி, எம்எஸ்ஐ அப்படியே ஸ்டோர்ல போடுற வழியும் இருக்கே, அதுல போனா சைன் பண்றது உங்க பொறுப்புதான், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

சிக்கல் எங்கன்னா நம்ம கஸ்டமர்கிட்ட. விண்டோஸ் 7ல ஓடுற கடை இன்னும் இருக்கு, அங்க ஸ்டோரும் இல்ல எம்எஸ்ஐஎக்ஸும் இல்ல. ப்ரோக்ராம் இருக்க ஃபோல்டர்லயே டேட்டாபேஸ் ஃபைலை வச்சு எழுதுற பழைய பழக்கம் இங்க நடக்காது, அந்த ஃபோல்டர்ல எழுத முடியாது. டாங்கிள் (லைசென்ஸுக்குச் செருகுற யுஎஸ்பி) டிரைவர், தனி சர்வீஸ் இதெல்லாம் இருந்தா ரொம்பவே யோசிக்கணும். அவசர ஃபிக்ஸ் விட்டா ரிவ்யூ முடியற வரைக்கும் காத்திருக்கணும், ஜிஎஸ்டி ரேட் மாறுற அன்னிக்கு இது வலிக்கும்.

புதுசா எழுதப் போறீங்க, வாங்குறவங்க விண்டோஸ் 10, 11 வச்சிருக்க பொதுமக்கள், தமிழ் டைப்பிங் டூல், ஃபோட்டோ டூல், மாணவர்களுக்கான ஆப் மாதிரின்னா தயங்காம ஸ்டோருக்குப் போங்க.

## ஆன்டிவைரஸ் கம்பெனிகளுக்கே எழுதிக் கேக்கறது

தப்பா பிடிச்சா சொல்றதுக்கு அநேகமா எல்லா கம்பெனியும் ஒரு ஃபார்ம் வச்சிருக்கு. மைக்ரோசாஃப்ட்ல ஃபைலை அனுப்பும்போது சாஃப்ட்வேர் டெவலப்பர்னு தேர்ந்தெடுத்து அனுப்பணும். நம்ம ஊர்க் கடைகள்ல டிஃபெண்டருக்கு அடுத்து அதிகம் பாக்கறது க்விக் ஹீல், கே7. க்விக் ஹீல் புனேக்காரங்க, கே7 நம்ம சென்னைக்காரங்க. எதை அனுப்பினாலும் எந்தப் பேர் சொல்லிப் பிடிச்சது, எந்த டெஃபினிஷன் வெர்ஷன், ப்ரோக்ராம் என்ன வேலை செய்யுது, இந்த மூணையும் எழுதி அனுப்புங்க.

வைரஸ்டோட்டல்ங்கற சைட்ல போட்டுப் பாத்தா எழுபது சொச்சம் எஞ்சின்ல எது எது பிடிக்குதுன்னு தெரியும். எட்டு சிவப்பைப் பாத்து பயப்பட வேணாம், பிட்டிஃபெண்டர்ங்கற ஆன்டிவைரஸோட எஞ்சினை வேற பல கம்பெனிகள் வாங்கிப் பயன்படுத்துறாங்க, அதே பேர்ல அஞ்சாறு சிவப்பு வந்தா மூலத்துக்கு ஒரு கடிதம் போட்டா மத்ததும் பின்னாடியே சரியாகும். வைரஸ்டோட்டல்கிட்ட எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல, அவங்க மத்தவங்க சொல்றதைக் காட்டுறவங்க மட்டும்தான். இதுல ஒரு முக்கியமான எச்சரிக்கை, அங்க ஏத்துற ஃபைல் ஆன்டிவைரஸ் கம்பெனிகளுக்கும் காசு கட்டின ஆய்வாளர்களுக்கும் கிடைக்கும். கஸ்டமர் டேட்டா, சர்வர் பாஸ்வேர்ட் உள்ள வச்சு பில்ட் பண்ண ஃபைலை ஏத்திடாதீங்க.

குறை என்னன்னா, அந்த ஃபைலுக்கு மட்டும்தான் பல சமயம் சரி பண்ணுவாங்க. அடுத்த பில்ட்ல திரும்ப வரலாம். பதில் ஒரு நாள்லயும் வரும், வாரம் கழிச்சும் வரும். பில்டை மாத்தாம இதை மட்டும் நம்புனா ஒவ்வொரு மாசமும் கடிதம் எழுதிக்கிட்டே இருக்கணும்.

## யாருக்கு எது

இருபது முப்பது கடைக்கு நேர்ல போய் போட்டுக் குடுக்கறவரா? பில்டை மாத்துங்க, டிஃபெண்டருக்கும் கஸ்டமர்கள் வச்சிருக்க ரெண்டு மூணு ஆன்டிவைரஸுக்கும் ரிலீஸுக்கு முன்னாடியே அனுப்பிடுங்க. சர்டிஃபிகேட் இப்போதைக்கு வேணாம், அந்தக் காசுல கஸ்டமர்களுக்கு பேக்கப் டிஸ்க் வாங்கச் சொல்லலாம்.

வெப்சைட்ல டவுன்லோட் குடுத்து தமிழ்நாடு முழுக்க விக்கறீங்களா? பில்டை மாத்திட்டு ஓவி வாங்குங்க, இந்த வரிசையில. சர்டிஃபிகேட் வந்த உடனே பெரிய ரிலீஸுக்குக் காத்திருக்காம இருக்கற வெர்ஷனையே சைன் பண்ணி டவுன்லோட் பக்கத்துல மாத்திடுங்க, நல்ல பேர் சேர ஆரம்பிக்கட்டும். கொஞ்ச நாள் அந்த நீலப்பெட்டி இன்னும் வரும், காசு வீண்னு நினைச்சுடாதீங்க.

ஓப்பன் சோர்ஸா? சைன்பாத்துக்கு விண்ணப்பம் போடுங்க, வின்கெட்லயும் (கமாண்ட் போட்டு சாஃப்ட்வேர் இறக்குற மைக்ரோசாஃப்ட் டூல்) சேருங்க.

என் சாஃப்ட்வேருக்கு நான் செஞ்சது ஒன்டைர் பில்ட், யுபிஎக்ஸ் இல்ல, ஓவி சர்டிஃபிகேட், ரிலீஸுக்கு அஞ்சு நாள் முன்னாடி ஃபைலை அனுப்பிட்டுக் காத்திருக்கறது. சனிக்கிழமையும் பண்டிகைக்கு முந்தின வாரமும் அப்டேட் விடறதில்ல. அந்த அண்ணாச்சி கடையில அன்னிக்குப் போட்ட எக்ஸ்க்ளூஷனை நானே போய் எடுத்துட்டேன், நாலு அப்டேட் போயாச்சு, எந்த அலாரமும் அடிக்கல.